டாக்டர் நேர்மையானவர்தான், அப்புறம் ஏன் அவரிடமே மறைக்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வியாசர்பாடியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி. வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரைக்கான ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுக்கப் போவது மருந்து மாத்திரையா டம்மி மாத்திரையா என்பது அம்மாவுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. "பேஷன்ட்டிடம் மறைப்பது புரிகிறது. பத்து வருஷமாக அம்மாவைப் பார்க்கிற டாக்டரிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அவர் நேர்மையையே சந்தேகப்படுகிற ஆய்வை நாங்கள் எப்படி நம்புவது?" இதுதான் உங்கள் கேள்வி.

மாத்திரையைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. பொய் சொல்லாத ஒருவர், தான் எதிர்பார்த்ததையே கண்ணால் பார்த்து, அதையே கையால் எழுதிவிட முடியுமா? முடியும். நானே அப்படிச் செய்திருக்கிறேன், அந்தக் கதைக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்தவளும் இல்லை. நர்ஸாக வடசென்னை ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் பல வருஷம் ஆய்வு கோ-ஆர்டினேட்டராக, அதாவது பேஷன்ட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேள்வி கேட்டு, ஃபார்ம் நிரப்புகிற ஆளாக இருந்தவள். ஃபார்மில் எண் எப்படி விழுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா இந்த ஆய்வில் சேரலாமா கூடாதா என்பது என் எல்லைக்கு வெளியே. அதை அவருடைய மற்ற நோய்களும் மாத்திரைகளும் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கேரம் ஆடியிருப்பீர்கள், நம்ம பக்கத்தில் ஆடாதவர் யார். ஸ்ட்ரைக்கர் ரெண்டு கோட்டையும் தொட்டு நிற்க வேண்டும். தொட்டதா இல்லையா என்று தகராறு வரும்போது கவனித்துப் பாருங்கள். நம்ம கட்சிக்காரன் கண்ணுக்குத் தொட்டிருக்கும், எதிர்க் கட்சிக்காரன் கண்ணுக்கு மயிரிழை விலகியிருக்கும். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணத் தயார். ஸ்ட்ரைக்கர் கோட்டை விட்டு ஒரு இஞ்ச் தள்ளி இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. மருத்துவ ஆய்விலும் சிக்கல் வருவது அந்த மயிரிழை இடத்தில்தான். பேஷன்ட் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதில் டாக்டரின் எதிர்பார்ப்புக்கு வேலை இல்லை. வலி எவ்வளவு, நடை எப்படி, வீக்கம் குறைந்ததா, எக்ஸ்ரேயில் அந்த நிழல் பழசா புதுசா என்று வரும்போது நிறைய வேலை இருக்கிறது. உங்கள் அம்மாவின் ஆய்வு மூட்டு வலியைப் பற்றியது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என் கதை இது. பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ஆய்வில் ஒரு குரூப்புக்கு முட்டியில் ஊசியும் உடற்பயிற்சியும், இன்னொரு குரூப்புக்கு உடற்பயிற்சி மட்டும். யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவை வரும்போதும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கேட்டு எழுத வேண்டும். புத்தகத்தில் படிக்க இது சுலபம். தண்டையார்பேட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள். "ஆயா, வலிக்கு எத்தினி போடலாம்? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்க முடியல." பதில் வரும்: "இன்னா சிஸ்டர், பரவால்ல."

இந்தப் "பரவால்ல" இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முன்னைக்கு இப்போது தேவலை என்றும் அர்த்தம் எடுக்கலாம். வலி இருக்கிறது, ஆனால் உன்னைத் தொந்தரவு பண்ண விரும்பவில்லை என்றும் எடுக்கலாம். என்னைச் சீக்கிரம் அனுப்பு, மாத்திரை கவுன்ட்டர் மூடிவிடுவான் என்றும் எடுக்கலாம். ஃபார்மில் பரவால்லைக்குக் கட்டம் கிடையாது, எண்தான் வேண்டும். ஊசி போட்ட ஆயா பரவால்ல என்றால் என் காதில் "தேவலை" என்று விழும், 3 என்று எழுதுவேன். ஊசி போடாத ஆயா அதே சொல்லைச் சொன்னால், பாவம் பொறுத்துக்கொள்கிறாள் என்று தோன்றும். "மாடிப்படி ஏறும்போது எப்படி இருக்கு ஆயா?" என்று இன்னொரு கேள்வி கேட்பேன். படியைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் வலி ஞாபகம் வரும். 5 ஆகிவிடும். கேட்கிற விதமே வேறாக இருந்தது. ஒருவரிடம் "இப்ப தேவலையா?" என்று கேட்டேன், இன்னொருவரிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். உடம்பு சரியில்லாதவரிடம் தேவலையா என்று விசாரிப்பது நம் வழக்கம், மரியாதை. ஆய்வில் அந்த மரியாதை பதிலை முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

இது தெரிய வந்தது தற்செயலாக. நான் லீவில் போனபோது வேறு வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் ரெண்டு வாரம் என் இடத்தில் உட்கார்ந்தார். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவர் நிரப்பிய தாள்களில் ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். என் தாள்களில் நிறைய. எங்கள் சீனியர் ரெண்டு கட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், திட்டவில்லை. ரெண்டு வாரத்துப் பேஷன்ட்டுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அந்த வாரங்களில் வந்தவர்கள் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்றும் அவரே சொன்னார். அது சரிதான். ஆனால் என் தாள்களைப் புரட்டியபோது அந்த மாடிப்படிக் கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஒரு தாளிலும் நான் பொய் எழுதியிருக்கவில்லை. அதற்கப்புறம் வலி கேட்கும் அறையை வேறு மாடிக்கு மாற்றினார்கள். ஊசி போட்டவர், போடாதவர் ரெண்டு பேர் முட்டியிலும் ஒரே மாதிரி பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். என்ன சிகிச்சை என்று மேலே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பேஷன்ட்டிடம் கேட்டுக்கொண்டோம். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

நான் நர்ஸ், அதனால் தடுமாறினேன், பெரிய டாக்டர்கள் தடுமாற மாட்டார்கள் என்று தோன்றலாம். கனடாவில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு நடந்த ஒரு ஆய்வில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேஷன்ட்டையும் ரெண்டு நரம்பியல் நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். ஒருவருக்கு என்ன சிகிச்சை என்று தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் போட்ட மதிப்பெண்ணில், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை பெற்ற குரூப்புக்குப் பலன் தெரிந்தது. தெரியாதவர்கள் போட்டதில் பலன் இல்லை. அதே பேஷன்ட், அதே உடம்பு. 1994இல் இது வெளியானது. எனக்குத் தெரிந்து உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. இந்த நிபுணர்களில் யாரும் ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றை உங்கள் பக்கத்துக் கிளினிக்கிலேயே பார்க்கலாம். பாதரச பி.பி. கருவியில் 2, 2 ஆகக் கோடு போட்டிருக்கும். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும். பழைய பி.பி. நோட்டைப் புரட்டினால் 0 வரிசையாக நிற்கும்: 130, 140, 120, 150. பாதரசம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது சத்தம் நின்ற இடத்தை நம் காது ஒரு முழு எண் பக்கமாக இழுத்துக்கொள்கிறது. 140ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் ஆய்வில் சேர்க்கலாம் என்று விதி வைத்துவிட்டால் 138 எல்லாம் 140 ஆகும். ஆள் கிடைக்காத மாதங்களில் இது கூடுதலாக நடக்கும். இதைத் தடுக்கவே 1964இல் லண்டனில் ஒரு கருவி செய்தார்கள். சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும், பாதரசம் கண்ணுக்குத் தெரியாது, எண்ணை அப்புறம்தான் படிக்க முடியும். இன்னொரு வகைக் கருவியில் பூஜ்யம் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும், எல்லாம் முடிந்த பிறகுதான் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது டிஜிட்டல் மெஷின் வந்து இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

இதுவரை சொன்னது பார்ப்பவரின் கண், காது, கை. எதிர்பார்ப்பு வாய் வழியாகப் பேஷன்ட்டுக்கும் போகுமா? 1985இல் வந்த ஒரு சின்ன ஆய்வை எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மூன்றில் ஒரு ஊசி: வலி குறைக்கும் மருந்து, வலியைக் கூட்டக்கூடிய மருந்து, அல்லது டம்மி. பேஷன்ட்டுகள் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான், மூன்றில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று. டாக்டர்களிடம் மட்டும், முதல் கட்டத்தில் வலி குறைக்கும் மருந்து இப்போது கிடையாது என்றும், இரண்டாம் கட்டத்தில் வந்துவிட்டது என்றும் சொன்னார்கள். குறிப்பிட்ட ஊசியில் என்ன இருக்கிறது என்பது டாக்டருக்கு ரெண்டு கட்டத்திலும் தெரியாது. டம்மி ஊசி போட்டவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, "மருந்தாகவும் இருக்கலாம்" என்று டாக்டர் நினைத்த கட்டத்தில் அவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. டாக்டர் வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். முகம், குரல், ஊசி போட்டபின் பக்கத்தில் நின்ற நேரம், எது போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் குறைவு என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

மறைத்தாலும் மறைவது கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1975இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அங்கே வேலை செய்கிறவர்களுக்கே வைட்டமின் சி கொடுத்து, சளி குறைகிறதா என்று பார்த்தார்கள். படித்தவர்கள், ஆராய்ச்சி தெரிந்தவர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா, சிலர் காப்ஸ்யூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்! தன்னுடையது எது என்று ஊகித்தவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சளி நாட்களில் தெரிந்த பலன் போய்விட்டது. எங்கள் பெஞ்சிலும் இது நடக்கும். காசிமேட்டு அக்கா பக்கத்தில் இருக்கிறவளிடம் "உனக்கு கசக்குதா? எனக்கு ஒண்ணுமே தெரியல, எனக்கு சும்மா மாத்திரை குடுத்துட்டாங்க போல" என்பார். நான் கேட்காத மாதிரி போய்விடுவேன், ஆனால் கேட்டாயிற்று. நல்ல ஆய்வில் டம்மியும் அதே நிறம், அதே எடை, முடிந்தவரை அதே கசப்பாக இருக்கும். வயிற்றுப்போக்கு மாதிரி பக்கவிளைவு வந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். அதை முழுதாக மறைப்பது கஷ்டம்.

யாரை எந்தக் குரூப்பில் போடுவது என்பதிலும் கை சாயும். யாருக்கு எது என்ற சீட்டை ஒட்டிய கவரில் வைத்து, ஆள் சேரச் சேர வரிசையாகப் பிரிப்பார்கள். அடுத்த கவரில் டம்மி என்று தெரிந்தால், ரொம்ப முடியாத பேஷன்ட்டை "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று நல்ல மனதோடு அனுப்பிவிடுவார்கள். இரக்கத்தால்தான். ஆனால் அப்படியே ஆறு மாதம் போனால் மருந்துப் பக்கம் ஒரு மாதிரியான ஆட்களும் டம்மிப் பக்கம் வேறு மாதிரியான ஆட்களும் சேர்ந்துவிடுவார்கள். ஒட்டிய கவரை லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்த கதைகள் இந்தத் துறையில் பழசு. இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரோ போனோ சொல்கிறது.

மறைத்ததால் நம் ஊர் பக்கத்திலேயே என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு உதாரணம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பகுதியில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு டம்மி என்பது குறியீட்டில் மட்டும். அந்த ஊசி காசநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் இருந்தார்கள். இதில் ஒரு சிக்கலை யோசித்துப் பாருங்கள்: பி.சி.ஜி. போட்டால் கையில் தழும்பு விழும். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஆய்வு ஊழியருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் எக்ஸ்ரே ஃபிலிமிலும் சளி டப்பாவிலும் தழும்பு கிடையாது, எண் மட்டும்தான். ஃபிலிமில் ஒரு மங்கல் நிழலைப் பார்க்கும்போது, இவர் ஊசி போட்டவர் என்று தெரிந்திருந்தால், இது பழைய வடு என்று விட்டுவிட எவ்வளவு சுலபம்! கடைசியில் வந்த முடிவு யாரும் விரும்பாதது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. 15 வருஷத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியானபோதும் அதேதான். (உடனே யாரும் குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான காசநோயிலிருந்து சின்னக் குழந்தைகளைக் காக்கத்தான் அது இன்றும் போடப்படுகிறது.)

சரி, எவ்வளவு சாயும்? இங்கேதான் உறுதியாகச் சொல்ல முடியாத இடம். 2012இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கனடா ஆய்வு மாதிரி தெரிந்தவர், தெரியாதவர் இருவருமே மதிப்பிட்ட 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை தெரிந்தவர்களின் கணக்கில் பலனைக் காட்டும் விகிதம் சராசரியாக 36 சதவீதம் ஊதிப்போயிருந்தது. ஆனால் 2020இல் அந்தக் குழுவில் சிலரும் சேர்ந்து 1,153 ஆய்வுகளை எடுத்து, மறைத்து நடத்தியவை ஒரு பக்கம், மறைக்காதவை ஒரு பக்கம் என்று ஒப்பிட்டபோது சராசரியாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்கே ஆச்சரியம். ஒரே பேஷன்ட்டை ரெண்டு பேர் பார்ப்பதும் வெவ்வேறு ஆய்வுகளை ஒப்பிடுவதும் ஒன்றாகாது, அதனால் முதல் முடிவு பொய் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறைக்காத எல்லா ஆய்வும் குப்பை என்று பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசலாம். எதிர்பார்ப்பு பார்ப்பவரைச் சாய்க்கும் என்பது உறுதி. எந்த ஆய்வில், எந்த அளவுக்கு என்பது அளக்கும் பொருளைப் பொறுத்தது. வலியில் அதிகம், ரத்தச் சர்க்கரை மாதிரி மெஷின் சொல்வதில் குறைவு என்பது என் அனுபவமும்கூட.

கடைசியாக உங்கள் விஷயம். "யாருக்கும் தெரியாது" என்று படிவத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த டப்பாவில் என்ன என்ற பட்டியல் ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கும். அம்மாவுக்கு ஏதாவது அவசரம் என்றால், எந்த நேரத்திலும் அதைத் திறந்து பார்த்து டாக்டருக்குச் சொல்ல ஏற்பாடு இருக்க வேண்டும். எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும், ராத்திரி யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். டம்மி பக்கம் விழுந்தால் வலிக்கு வேறு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வலியைக் கேட்டு எழுதப் போகிறவர் யார், மாத்திரை கொடுக்கிறவரும் அவரேதானா என்றும் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவெண்ணை வாங்கினால், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதை நீங்களே பார்க்கலாம். முடிவு வந்த பிறகு "நாங்கள் வலியைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தோம்" என்று மாற்றிப் பேசினால் அது அங்கே மாட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இதுவும் படிவத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

சேர்வதாக இருந்தால் அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். வலி எவ்வளவு என்று சிஸ்டர் கேட்டால் அவர் முகத்தைப் பார்த்துப் "பரவால்ல" என்று சொல்ல வேண்டாம். அன்றைக்குக் காலையில் பாத்ரூம் போக எழுந்தபோது எப்படி வலித்ததோ, அதற்கு ஒரு எண்ணைச் சொல்லட்டும்.